மேலே போன முட்டை

கோழி கண் சொருகிய நேரம் பார்த்துத்தான் பஸ்தியாம்பிள்ளை அதன் வயிற்றுக்கடியில் கையை விட்டார். குசினிக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, இடி முழங்கினால் முட்டை கூழாகிப் போகாமலிருக்க ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போட்டு, முதல்நாள்தான் அவருடைய மனைவி ஜோசப்பின் அந்தச் சாம்பல்நிறப் பெட்டையை அடை வைத்திருந்தாள். அடை முட்டை என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு கோடு. கோழி விழித்துக்கொண்டது. கொத்தவில்லை, கத்தவில்லை. ஆளைக் குறித்துக்கொண்டதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. ஒரு கொத்துக் கொத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பின்னால் அவர் பலமுறை நினைத்தார்.

கடை முட்டை எடுத்திருக்கலாம். ஆனால் கடை முட்டையின் ஓடு உரத்துப் பேசினாலே கீறல் விடும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கிரானில் போட்டி. சோடாப்போத்தலில் செய்த ரொக்கட்டின் தலைக்குள் ஒரு பச்சை முட்டையை இருத்தி மேலே அனுப்பி, பரசூட் விரிந்து உடையாமல் கீழே இறக்க வேண்டும். போன முறை அவருடைய முட்டை இறங்கி வந்த கோலத்தைப் பார்த்துச் சீதேவிப்பிள்ளை ரீச்சர் உப்பும் மிளகும் இருக்கிறதா என்று கேட்டிருந்தா. தபால் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் முத்திரை குத்திய மனுஷனுக்கு அந்த ஒரு கேள்வி குத்திக்கொண்டே கிடந்தது.

அவர்கள் நாலு பேர். வினாயகமூர்த்திக்குக் கிரானில் வயல். அறுவடை முடிந்து மழைக்குக் காத்துக் கிடக்கும் அவருடைய வட்டைதான் பறக்கவிடும் இடம். சீதேவிப்பிள்ளை சித்தாண்டியில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவ. றிஸானுக்கு ஏறாவூரில் போன் திருத்தும் கடை, படம் பிடிப்பது அவன் வேலை. நாலாவது பஸ்தியாம்பிள்ளை, மட்டக்களப்பு ரவுணிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். வெடிமருந்து வைத்துப் பறக்கவிட்டால் இன்னும் உயரம் போகுமே என்று புதிதாய்க் கேட்பவர்கள் உண்டு. போகும்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் வானத்துக்கு மருந்து வைத்து எதையாவது அனுப்பினால், அது இறங்கும் முன்பே ஆமி ஜீப் வந்து இறங்கிவிடும். ஆகவே தண்ணீர். போத்தலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர், மிச்சத்துக்குச் சைக்கிள் பம்பால் அடித்த காற்று. போத்தல் வாயைப் பூட்டி வைத்திருக்கும் ஆணியை இழுத்துவிட்டால் தண்ணீர் பின்னால் சீறும், போத்தல் மேலே பாயும். தண்ணீரை எந்தச் சட்டத்தாலும் பிடிக்க முடியாது.

பறக்கவிடும் முன்பு, அந்தக் கிழமை முழுவதும் செய்ததை ஒவ்வொருவரும் காட்டவேண்டும். அதுதான் அவர்களுக்குப் பறப்பதைவிட ருசியான பகுதி. வினாயகமூர்த்தி இரண்டு போத்தல்களை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பொருத்திக் கொண்டுவந்திருந்தார். சீதேவிப்பிள்ளையின் ரொக்கட் மெலிந்து, வெள்ளையாய், சோக்கட்டியைப்போல இருந்தது.

"என்ன கா பஸ்தியாம்பிள்ள, செட்டைக்கு ஆர்ர மூஞ்சி இது?" என்றார் வினாயகமூர்த்தி.

தேர்தல் முடிந்தபின் மதிலில் மிஞ்சிக் கிடந்த பிளாஸ்ரிக் பலகையில் வெட்டி ரொக்கட்டின் அடியில் ஒட்டிய செட்டைகள் அவை. ஒன்றில் வேட்பாளரின் அரைச் சிரிப்பு மட்டும் வந்திருந்தது.

"தோத்தவர்தான். இப்பயாவது கொஞ்சம் மேல போகட்டுமே."

பரசூட் ஜோசப்பினின் பழைய சிவப்புக் குடைத்துணி. அவளே ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தது. நுளம்பு விரட்டக் கொளுத்திய திரி சுட்ட ஓட்டை ஒன்று, அவரை விதை அளவில், ஓரமாய்க் கிடந்தது. அடைக்கட்டுமா என்று கேட்டாள். காற்றுப் போக வழி வேண்டும், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். தண்ணீரும் அவருடையதுதான். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் வாவியில் பிளாஸ்ரிக் கானில் அள்ளி மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவருவார். உப்புத்தண்ணி பாரம் கூட, உதைப்பும் கூட என்பது அவர் கட்சி. கிரான் வாய்க்கால் தண்ணீர் நிறைய இருக்க, தண்ணீருக்கு ரிக்கற் எடுத்து வருகிற ஒரே ஆள் என்று கொண்டக்டருக்கும் அவரைத் தெரியும்.

அங்கே இரண்டு சட்டம். எவருடைய ரொக்கட்டோ அவர்தான் போய் அதைக் கையிலெடுக்கவேண்டும். மற்றது, ஒன்று மேலே இருக்கும்போது இன்னொன்று ஏறக்கூடாது. ஒருமுறை இரண்டு ஒன்றாய் ஏறி, மோதி, ஒன்று வினாயகமூர்த்தியின் எருமையின் கொம்புகளுக்கு நடுவே இறங்கியது. எருமைக்குக் காயமில்லை. ஆனால் அன்றிலிருந்து அது மேலே பார்த்துக்கொண்டுதான் மேய்கிறது. எருமை இன்னும் இருக்கிறது, விருப்பமானவர்கள் போய்ப் பார்க்கலாம்.

மற்ற இருவருடைய முட்டைகளும் பத்திரமாய் இறங்கின. கடைசியாகப் பஸ்தியாம்பிள்ளை ஆணியை இழுத்தார். காற்றே இல்லாத பின்னேரம். ரொக்கட் ஸ்ஸ் என்று சீறிக்கொண்டு நேரே ஏறியது. இவ்வளவு நேராய் ஒன்று ஏறி அவர்கள் கண்டதில்லை. அரைச் சிரிப்புப் புள்ளியாகி, புள்ளி ஊசிமுனையாகி, மேலே சிவப்பு விரிகிறதா என்று நாலு பேரும் கழுத்தை வளைத்து நின்றார்கள். வரம்பில் நின்ற கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தின. பிறகு ஒரே நேரத்தில் குனிந்துகொண்டன. வானத்தில் ஒன்றுமில்லை.

பொழுது படும்வரை நின்றார்கள். விழுந்த சத்தம் எந்தத் திசையிலும் கேட்கவில்லை. றிஸான் போனில் படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினான்.

"இந்தா சேர், இதில இரிக்கி. மறுகா பாருங்க, இல்ல. காத்தும் இல்ல, முகிலும் இல்ல. எங்க போன?"

அதைவிட இன்னொன்று இருந்தது, அதை அவன் உடனே சொல்லவில்லை. படத்தில் ரொக்கட் மறைந்த பின்னும் அந்தச் சீறல் நிற்கவில்லை. போத்தல் தண்ணீர் ஒரு மூச்சு நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் அவன் கெமராவை நிறுத்தும்வரை ஸ்ஸ் என்ற சத்தம் போய்க்கொண்டே இருந்தது, யாரோ மேலே நின்று பல்லிடுக்கால் மூச்சு விடுவதுபோல. எங்கள் வாவியில் மீன் பாடுகிறதென்று ஊரே நம்புகிறது. வானம் சீறினால் மட்டும் என்ன புதினம் என்று வினாயகமூர்த்தி சொல்லிப் பார்த்தார்.

"முட்டை ஒண்டு குறையுது," என்றாள் ஜோசப்பின், அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும்.

"கீரி எடுத்திரிக்கும்."

"கீரி எடுத்தா ஒண்டோடயா போகும்?"

அவர் முகம் கழுவப் போய்விட்டார்.

அந்த வீட்டில் அப்போது கீரியைவிடப் பெரிய விஷயங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கனடாவிலிருந்த மகள் சுலக்ஷனா இருவருக்கும் விசா எடுத்து ரிக்கற்றும் போட்டுவிட்டாள். இன்னும் மூன்று கிழமை. போய்வருவதல்ல, போவது. வீட்டுக்கு ஆள் பார்த்தாயிற்று. கோழி அடைக்கு வந்தால் விசாவைப் பார்த்தா வரும்? குஞ்சு பொரிக்கிற கணக்கும் பிளேன் ஏறுகிற நாளும் ஒன்றாக விழுகிறதென்று தெரிந்தே ஜோசப்பின் அடை வைத்தாள். பக்கத்து வீட்டு மேனுகாவுக்குப் பெட்டையைக் குஞ்சுகளோடு கொடுத்துவிட்டுப் போவதுதான் மரியாதை என்பது அவள் எண்ணம். மகள் வயிற்றுப்பிள்ளையோடு நிற்கிறாள். அந்த வீட்டுக் குசினியில் எந்தத் தட்டில் எதை வைப்பது என்பதுவரை ஜோசப்பினின் மனம் ஏற்கனவே அங்கே போய் இறங்கிவிட்டது. பஸ்தியாம்பிள்ளையின் மனம் இன்னும் ஏறவேயில்லை.

அடுத்த ஞாயிறு நாலு பேரும் வந்தார்கள். செய்ததைக் காட்டினார்கள். ஆனால் பறக்கவிட முடியவில்லை. மேலே ஒன்று இருக்கிறது, சட்டம். நாலு பேர் வட்டைக்குள் பாய் விரித்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். போன கிழமை ஆணி இழுத்த நேரம் வந்தபோது பஸ்தியாம்பிள்ளையின் வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. முகில் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு."

"வேர்வையா இரிக்கும் கா."

"என்ர வேர்வை என்ர தலைக்கு மேலயிருந்தா விழும்?"

சீதேவிப்பிள்ளை கையை ஏந்தினா. இன்னொரு சொட்டு. ருசி பார்த்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்தா. "வாவித்தண்ணிதான். கிரான்ல இந்த ருசி இல்ல."

பிறகு வினாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"இஞ்ச பாருங்க, மழை தொடங்கினா நான் உழவேணும். இன்னும் எத்தின ஞாயிறு கிடக்கு? அது எங்கயோ விழுந்திட்டு எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. முடிஞ்சுது. சொந்தக்காரன் சொன்னாச் சரி."

"ஆர் கண்ட விழுந்தத?" என்றா சீதேவிப்பிள்ளை.

"காணல்லதான்..."

"கண்டவன் சொல்லட்டும். காணாத ஒண்ட விழுந்ததெண்டு சொல்ல ஏலா. மேல போனது கீழ வரல்ல எண்டா, கணக்கு இன்னும் முடியல்ல. அவ்வளவுதான்."

ரீச்சரின் தம்பி ஒருநாள் சந்திவரைக்கும் போய்வருகிறேன் என்று சைக்கிளில் போனவன். அதன்பிறகு அவன் செத்துவிட்டான் என்ற கடதாசியில் ஒரு கையொப்பம் கேட்டு எத்தனையோ பேர் அந்த வீட்டுப் படலைக்கு வந்துபோனார்கள். எல்லோரும் தேத்தண்ணி குடித்தார்கள், கையொப்பம் வாங்காமல் போனார்கள். அந்தக் கதையை ரீச்சர் அங்கே சொல்லவில்லை. வினாயகமூர்த்தி பம்பை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத இடத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

அன்றிரவு பஸ்தியாம்பிள்ளை மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"மேல ஒண்டு நிக்கக்குள்ள நான் எப்பிடி ஏறுற? சட்டம் ஜோசப்பின்."

"அது சோடாப்போத்தலுக்குள்ள சட்டம். பிளேனுக்கில்ல."

"பிளேனும் மேலதானே போகுது."

அவள் மடித்துக்கொண்டிருந்த சேலையைப் பெட்டிக்குள் வைத்தாள். குரல் உயரவில்லை, அதுதான் பயம். "வராட்டி இரிங்க. நான் போறன். போனா வரமாட்டன், சொல்லிப்போட்டன். என்ர புள்ள வயித்தோட நிக்கிறாள், இந்த மனிசன் போத்தலுக்குக் காவல் நிக்கிறாராம்."

அவர் கட்டிலில் கிடந்து யோசித்தார். போகக்கூடாதென்று தான் நினைத்ததால்தான் அது இறங்காமல் நிற்கிறதா? போகாமலிருக்க ஒரு சாட்டுக்காகத் தானே அதை மேலே பிடித்து வைத்திருக்கிறாரா? தபால் கந்தோரில் விலாசம் தவறிய கடிதங்கள் வரும், ஆளில்லாத வீட்டிலிருந்து திரும்பி வரும், வருடம் கழித்தும் வரும். வராமலே போனது ஒன்றும் இல்லை. ஆனால் மேல்நோக்கிப் போன தபாலுக்கு அவரிடம் அனுபவமில்லை.

மூன்றாவது ஞாயிறு, அறுத்த நெல்லின் தாளடிகளுக்கு நடுவே நிழல் கிடந்தது.

முதலில் கண்டவன் றிஸான். சுளகளவு வட்டம், குடையின் விளிம்பைப்போல வளைவு வளைவாய் ஓரம். அதற்கு நடுவே நூலில் தொங்குவதுபோல நீளமாய் ஒன்று. தேத்தண்ணிக் கறைபோல வெளிறியிருந்தது. மேலே பார்த்தார்கள். ஒன்றுமில்லை. வெயில், நீலம், அவ்வளவுதான். மேய வந்த கொக்குகள் அதன் ஓரம்வரை வந்து, சுற்றிக்கொண்டு அப்பால் போயின. எருமை மட்டும் நின்று நிதானமாய் மேலே பார்த்தது. எதையோ அடையாளம் கண்டதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது.

றிஸான் குனிந்து நிழலுக்குள் கையை வைத்தான், உடனே இழுத்துக்கொண்டான். "அல்லாஹ்! ஐஸ்பெட்டிக்குள்ள வச்ச மாதிரி."

"நகருது," என்றா சீதேவிப்பிள்ளை.

இலை அசையாத வெயிலில் அது றோட்டுப் பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நடந்துபோன பஸ்தியாம்பிள்ளை, பஸ் வந்தபோது ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நிழல் றோட்டோரத்தில் கூடவே ஓடி வந்தது. சந்திகளில் பஸ் நின்றபோது அதுவும் நின்றது. சித்தாண்டிக் கோயிலடியில் ஒரு நாய் அதைப் பார்த்துக் குரைக்க வாயைத் திறந்து, குரைக்காமல் மூடிக்கொண்டது. ஏறாவூரில் ஒரு மனிதர் தெரியாமல் அதன்மேல் நடந்தார். நடுவில் வந்ததும் தோளைக் குலுக்கி, சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டு, மேலே பார்த்துவிட்டுப் போனார். ரவுணுக்கு வரும்போது பொழுது மங்கியது. மங்கிய வெளிச்சத்தில் எது நிழல், எது தெரு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"வாசல்வரைக்கும் வந்தது," என்றார் ஜோசப்பினிடம்.

"வரட்டும். வந்தா சோறு போடுவம்," என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியின் பாரம் பார்க்கப் போனாள்.

அதன்பின் அதை அவர் தினமும் கண்டார். காலையில் மதிலில், மத்தியானம் கிணற்றடியில். ஒவ்வொரு நாளும் ஓரம் கூராகிக்கொண்டு வந்தது, கறை கறுத்துக்கொண்டு வந்தது. பதிவாய், கீழே இறங்கி வருகிறதென்று அவருக்கு விளங்கியது. ஜோசப்பின் வெளியே வரும்போதெல்லாம் ஒரு முகில் வந்து வெயிலை மறைத்தது. மூன்று நாள் பார்த்துவிட்டு அவர் அவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். போன் எடுத்த மகளிடம் வருகிறேன் என்றும் சொல்லிவிட்டார். தான் பெற்ற பிள்ளையிடம் நிழலைப்பற்றி எப்படிச் சொல்வது?

போகிற நாள் விடியும்போது குஞ்சுகள் பொரித்திருந்தன. மிஞ்சிய முட்டையெல்லாம் பொரித்தது, ஒன்றும் கூழில்லை. மேனுகா பெட்டையையும் குஞ்சுகளையும் ஒரு கூடையில் வாங்கிக்கொண்டு வேலிக்கு அப்பால் போனாள். மத்தியானம், வாடகைக்குப் பேசியிருந்த ஜெனிஸ்டனின் வேன் வாசலில் வந்து நின்றது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நேரத்தோடு போய்ச் சேரவேண்டுமென்று அவன் வந்ததிலிருந்தே அவசரப்படுத்தினான். வினாயகமூர்த்தியும் ரீச்சரும் றிஸானும் வழியனுப்ப வந்திருந்தார்கள். வினாயகமூர்த்தி பேப்பரில் சுற்றி ஒரு சைக்கிள் பம்ப் கொண்டுவந்திருந்தார்.

"பிளேன்ல விடுவானோ தெரியா. கேட்டா, மூச்சு முட்டு எண்டு சொல்லுங்க."

பஸ்தியாம்பிள்ளை சிரித்தார். பிறகு ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்கு அவர்தான் பதில் சொன்னார்.

"இறங்கினா ஒருத்தரும் தொடாதீங்க. அங்கயே கிடக்கட்டும்."

"ஓம்," என்றா ரீச்சர். "நாங்க காவல் நிப்பம்."

ஒரு காலை வேனுக்குள் வைத்துவிட்டார். அப்போதுதான் வேலிப்பக்கமாய்ச் செட்டை அடிக்கிற சத்தம் கேட்டது. சாம்பல் பெட்டை வேலியைத் தாண்டி விழுந்தது. குஞ்சுகள் வேலியிலிருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் ஒவ்வொன்றாய் நுழைந்து பின்னால் ஓடி வந்தன. மேனுகா "ஐயோ பெரியம்மா, பிடிங்க!" என்று வேலிக்கு மேலால் கத்தினாள். கோழி யாரையும் பார்க்கவில்லை. நேரே முற்றத்தின் நடுவுக்கு வந்து நின்றது.

அங்கே நிழல் கிடந்தது. மத்தியான வெயில், முகிலே இல்லை. மை கொட்டியதுபோலக் கறுப்பு. ஓரத்தின் தையல் மடிப்புக்கூடத் தெரிந்தது. விளிம்போரமாய் அவரை விதை அளவில் ஒரு வெளிச்சப் பொட்டு மண்ணில் ஆடாமல் விழுந்திருந்தது.

ஜோசப்பின் கைப்பையோடு இரண்டடி முன்னால் வந்தாள். அந்த வெளிச்சப் பொட்டையும் ஓர மடிப்பையும் நெடுநேரம் பார்த்தாள்.

"அது என்ர தையல்," என்றாள்.

கோழி கழுத்தைச் சரித்து ஒற்றைக் கண்ணால் ஆகாயத்தைப் பார்த்தது. பிறகு, அடைக்கோழி குஞ்சுகளைக் கூப்பிடுவதுபோலக் குளொக், குளொக் என்றது. காலடியில் நின்ற குஞ்சுகள் சத்தமில்லாமல் நின்றன. மறுபடி கூப்பிட்டது.

மேலேயிருந்து, கூரைக்கும் உயரமில்லாத ஒன்றுமற்ற இடத்திலிருந்து, மெல்லிசாய் ஒரு 'கீ' வந்தது.

ஜோசப்பின் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"கீரி எண்டீங்க."

பஸ்தியாம்பிள்ளை வேனிலிருந்து காலை இறக்கினார். கனடாக் குளிருக்கென்று போட்ட இரவல் கோட்டின் கைகள் விரல்வரை இறங்கியிருந்தன, அவற்றை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அன்ரி, நேரம் போகுது!" என்றான் ஜெனிஸ்டன், ஹோர்னில் கையை வைத்தபடி.

"நில்லு மனே," என்றாள் அவள் திரும்பாமலே. கைப்பையை வேன் சீற்றில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். நிழலுக்குள் காலை வைத்தபோது குளிரில் தோள் ஒருமுறை நடுங்கியது. பயணத்துக்கென்று கட்டிய நீலச்சேலையின் முந்தானையை இடுப்பிலிருந்து உருவி விரித்து, ஒரு பக்கத்தைத் தன் கையில் சுருட்டிக்கொண்டு மறுபக்கத்தை அவரை நோக்கி நீட்டினாள்.

"உங்கட சாமான். உங்கட கையாலதானே எடுக்கவேணும்? மற்றப் பக்கத்தப் பிடிங்க."

அவர் போய்ப் பிடித்தார். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்று, வெறும் ஆகாயத்துக்குக் கீழே சேலையை இறுக்கிக்கொண்டார்கள். ரீச்சர் வாய்க்குமேல் கையை வைத்துக்கொண்டு நின்றா. நீலத்துணியில் ஒரு சொட்டு விழுந்து கருநீலமாய்ப் பரவியது. பின்னால் இன்னொன்று. துணிமேல் விழுந்த நிழலுக்கு நடுவே, போத்தலின் வெளிறிய நிழலுக்குள், முட்டையின் நிழல் நூலோடு மெல்லச் சுழன்றது. சுழன்று திரும்பியபோது அதன் ஓரத்தில் ஒரு வெடிப்பு. வெடிப்பிலிருந்து ஊசியளவில் அலகுபோல ஏதோ ஒன்று வெளியே நீண்டு, உள்ளே போய், மறுபடி நீண்டது.